பேர் வெட்டணுமா சார்?

சென்ற மாதம் ஓர் உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பரிசு வாங்கப் பாத்திரக் கடைக்குப் போயிருந்தேன். நாலு அடுக்கு டிபன் கேரியர். எடை போட்டு, பில் போட்டு முடித்ததும், கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பையன் தலை நிமிராமல் கேட்டான்: "பேர் வெட்டணுமா சார்?"

கையில் பேனா மாதிரி ஒரு மெஷின். 'ஙொய்ய்' என்று சத்தம். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், தேதி என்று இரண்டு நிமிஷத்தில் வெட்டித் தந்துவிட்டான். கொம்பும் காலும் சுழியும் ஒன்றுகூடப் பிசகவில்லை. கம்ப்யூட்டரில் தமிழ் டைப் அடிக்கவே திணறுகிறவன் நான். கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அதே கடையில் மாடியில் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் வரிசையாக இருந்தன. சும்மா ஒரு குறும்புக்காகக் கேட்டேன். "ஏம்ப்பா, மிக்ஸிக்கெல்லாம் பேர் வெட்ட மாட்டியா?"

பையன் இந்தமுறை நிமிர்ந்து பார்த்தான். "அதுல எதுக்கு சார்? ரெண்டு வருஷத்துல மாத்திருவாங்க."

ஜோக்குக்காகக் கேட்டது. பதில் ஜோக்காக இல்லை.

எங்கள் வீட்டில் ஓர் எவர்சில்வர் குடம் இருக்கிறது. என் அம்மாவின் கல்யாணத்துக்கு வந்தது. 'அன்பளிப்பு' என்று போட்டு ஒரு பெயரும் வெட்டியிருக்கிறது. அந்தப் பெயருக்குரியவர் யார், பெண் வீடா பிள்ளை வீடா, எங்கள் வீட்டில் இன்று ஒருவருக்கும் தெரியாது. குடம் மட்டும் இருக்கிறது, கழுத்தில் ஒரே ஒரு நசுங்கலோடு. பெயர் வெட்டுவது ஒரு நம்பிக்கை. இந்தப் பொருள் நமக்கப்புறமும் இருக்கும், யாருடையது என்று ஒருநாள் யாராவது கேட்பார்கள் என்ற நம்பிக்கை. இரண்டு வருஷத்தில் குப்பைக்குப் போகிற சாமானுக்கு எவனாவது பெயர் வெட்டுவானா?

*

இப்போது ஒரு மிக்ஸியின் கதை.

எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மா ஒருநாள் காலை ஏழு மணிக்கே வந்தார். வழக்கமாக எட்டரைக்குத்தான் வருவார். கையில் ஒரு சின்ன டப்பா. என் மனைவியிடம் தயங்கித் தயங்கி, "ரெண்டு நிமிஷம் இதை மட்டும் அரைச்சுக்கட்டுமாம்மா? எங்க மிக்ஸி ஓடல" என்றார். டப்பாவில் தேங்காய், மிளகாய், கொஞ்சம் பொட்டுக்கடலை. பிள்ளைகளின் பள்ளிக்கூட டிபனுக்குச் சட்னி. அரைத்து, ஜாரை எங்களைவிடச் சுத்தமாகக் கழுவி வைத்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டு, மறுபடி எட்டரைக்கு வந்தார். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.

பிறகு விசாரித்ததில் விவரம் தெரிந்தது. பொங்கலுக்கு வாங்கிய மிக்ஸி. தெருவுக்கு வருகிற தவணைக்காரரிடம் மாசம் 300 ரூபாய் வீதம் பத்து மாசம். ரொக்கமாகக் கடையில் வாங்கியிருந்தால் 2,200 ரூபாய்க்குக் கிடைத்திருக்கும். ஆனால் 2,200 ரூபாய் ரொக்கமாக யாரிடம் இருக்கிறது? ஆடி மாசம் ஒரு காலையில் கருகல் வாசனை வந்து நின்றுபோய்விட்டது. இன்னும் மூன்று தவணை பாக்கி. "ஓடாத மிக்ஸிக்குப் பணம் கட்டிட்டு இருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் யார்மேலும் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது.

வாரண்டி? தவணைக்காரர் தந்தது ஓர் அட்டை. அதில் தேதி, தொகை, அவர் கையெழுத்து. பில் கிடையாது. வாரண்டி கார்டு பெட்டிக்குள் இருந்தது. கடை முத்திரை இல்லாமல், தேதி இல்லாமல், அப்பழுக்கற்ற வெள்ளைத்தாளாக.

எங்கள் பேட்டையில் ஒரு மிக்ஸி மெக்கானிக் இருக்கிறார். ஆறடிக்கு ஐந்தடிக் கடை. கடை பூராவும் பிறத்தியார் வீட்டு ஜார்கள். அந்த மிக்ஸியை அவரிடம் எடுத்துப் போனேன். மூடியைக் கழற்றினார். மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பது போல அது அவருக்கு.

"காயில் போச்சு சார். அலுமினியக் காயில். சிவப்பு பட்டன் எங்கன்னு பாருங்க."

மிக்ஸியின் அடியில் ஒரு சிவப்பு பட்டன் இருக்கும், கவனித்திருப்பீர்கள். லோடு அதிகமானால் படக்கென்று மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஐந்து நிமிஷம் கழித்து அமுக்கினால் மறுபடி ஓடும். ஓவர்லோடு ஸ்விட்ச். இந்த மிக்ஸியில் அந்த இடம் வெறும் பிளாஸ்டிக்காக மூளியாக இருந்தது.

"அதை வைக்கல. கொஞ்சம் காசு மிச்சம் பண்ணியிருக்காங்க. ஜாரு புஷ் இறுகிடுச்சு, பிளேடு சுத்தல, மோட்டார் முக்கியிருக்கு, காயில் வெந்துடுச்சு. புதுக் காயில், ஆர்மேச்சர் எல்லாம் போட்டா ஆயிரத்துக்கு மேல ஆகும். நான் வாங்கிக்கிட்டா அந்தம்மாவை ஏமாத்தின மாதிரி. விட்ருங்க."

அதாவது, ஜாரின் அடியில் இருக்கிற ஒரு குட்டி புஷ் இறுகியதற்கு, முழு மிக்ஸியும் உயிரை விட்டிருக்கிறது.

*

அந்த மெக்கானிக் அன்று எனக்கு ஒரு பாடம் நடத்தினார். எஞ்சினியரிங் காலேஜில் லட்ச லட்சமாகக் கட்டிப் படிக்க வேண்டிய பாடம். ஒரு டீ செலவில் கிடைத்தது.

மிக்ஸியில் ஜாரைத் தூக்கினால் தெரிகிற கறுப்புப் பல்சக்கரம் மாதிரியான ஒன்று, அதன் பெயர் கப்ளர். மோட்டாரின் சுழற்சியை ஜாருக்குக் கடத்துவது. மோட்டாரின் தண்டு இரும்பு, பிளேடு இரும்பு, நடுவில் இது மட்டும் ரப்பர் அல்லது நைலான். ஏன்? இரும்பிலேயே செய்திருந்தால் தேயாமல் உழைக்குமே என்றுதான் என் மாதிரி மண்டூகங்களுக்குத் தோன்றும்.

"இது பிய்யறதுக்குன்னே செஞ்சது சார். உள்ள மஞ்சக் கிழங்கு மாட்டி பிளேடு நின்னா, இது பிய்ஞ்சுக்கும். மோட்டார் பொழைச்சுக்கும். நான் ஒரு சின்ன காசுக்குப் புதுசு மாட்டிடுவேன்."

யோசித்துப் பாருங்கள். நம் வீட்டில் நீண்ட நாள் உழைத்த சாமான்கள் எல்லாவற்றிலும் இந்தத் தியாகி ஒருவர் இருப்பார். பிரஷர் குக்கர் மூடியில் இருக்கிற சேஃப்டி வால்வு. தண்ணீர் வற்றிச் சூடு எகிறினால் அதிலிருக்கும் உலோகம் உருகி, ஆவியை வெளியே விட்டு, குக்கரையும் சமைக்கிறவரையும் காப்பாற்றும். பழைய வீடுகளின் ஃப்யூஸ் கம்பியும் அப்படித்தான். தான் உருகி வயரிங்கைக் காக்கும். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் அதன் கெப்பாசிட்டர்தான் சோர்ந்திருக்கும். எலெக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஏறி மாற்றிவிட்டால், ஃபேன் இன்னும் பத்து வருஷம் சுற்றும்.

நல்ல சாமான் என்பது கெட்டுப்போகாத சாமான் அல்ல. எல்லாம் ஒருநாள் கெட்டுப்போகும். எந்த இடத்தில் கெடவேண்டும் என்று முன்கூட்டியே யோசித்துச் செய்ததுதான் நல்ல சாமான். சின்னது கெட்டுப் பெரியதைக் காப்பாற்ற வேண்டும். கெட்டது கடைத்தெருவில் கிடைக்க வேண்டும். அதைக் கழற்றி மாட்ட முடிய வேண்டும்.

இன்று நம் தலையில் கட்டப்படுகிற பல சாமான்களில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. சின்னது கெட்டால் பெரியதையும் இழுத்துக்கொண்டு போகிறது. எமர்ஜென்சி விளக்கைத் திறக்க ஸ்க்ரூவே இல்லை, பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே இருக்கிற பேட்டரி செத்தால் விளக்கும் அதோடு உடன்கட்டை. எலெக்ட்ரிக் கெட்டிலில் கைப்பிடியோரம் ஒரு கிளிப் உடைந்தால் கெட்டில் போச்சு. பிளாஸ்டிக் பக்கெட்டில் கைப்பிடி மாட்டுகிற காது பிய்ந்தால் பக்கெட் போச்சு. ஒருகாலத்தில் சூடுபண்ணின கம்பியோடு, "பக்கெட்டு, கொடம் ஒட்டறதே" என்று கூவிக்கொண்டு வருவார்களே, அவர்களைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

*

இந்த இடத்தில் "அந்தக் காலத்துல எல்லாம்..." என்று ஆரம்பித்துவிடுவேனோ என்று பயப்படாதீர்கள். மாட்டேன்.

அந்தக் காலத்துச் சாமான் எல்லாமே நன்றாக இருந்தது என்பது ஒரு மயக்கம். கெட்டுப்போனதெல்லாம் எப்போதோ எடைக்குப் போய்விட்டது. மிச்சமிருப்பதைப் பார்த்துவிட்டு, எல்லாமே இப்படித்தான் இருந்தன என்கிறோம். தவிர, அந்தக் காலத்தில் மிக்ஸி யார் வீட்டில் இருந்தது? வசதியானவர்கள் வீட்டில். மற்ற வீடுகளில் அம்மியும் ஆட்டுக்கல்லும், அதன் முன்னால் குனிந்த முதுகோடு ஒரு பெண்ணும். "அம்மி கொத்தலியோ" என்ற குரலை இன்று ஏக்கத்தோடு நினைவுகூர்கிறவர்களில் அம்மியில் அரைத்தவர்கள் எத்தனை பேர்? 1950களில் கோவையில் வெட் கிரைண்டர் வந்ததும், 2011இல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், ஃபேனை விலையில்லாமல் தர ஆரம்பித்ததும் நம் வீட்டுப் பெண்களின் தோள்பட்டைக்குக் கிடைத்த விடுதலை. மலிவு என்பது கெட்ட வார்த்தை இல்லை. மலிவாகக் கிடைத்ததால்தான் அந்த அம்மா வீட்டிலும் மிக்ஸி வந்தது.

மிக்ஸி நம் ஊருக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1960களின் ஆரம்பத்தில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற எஞ்சினியர். அவர் மனைவி மாதுரி ஒரு ஜெர்மன் மிக்ஸி வைத்திருந்தார். மேல்நாட்டுச் சமையலுக்குச் செய்த யந்திரம் நம் மசாலாவுக்கும் மாவுக்கும் எப்படித் தாங்கும்? கெட்டுப்போனது. இங்கே அதை ரிப்பேர் செய்ய வழியில்லை. நீங்களே ஒன்று செய்யக்கூடாதா என்று மனைவி கேட்க, அவர் உட்கார்ந்து நம் அரைப்புக்குத் தாங்குகிற மோட்டாரோடு ஒன்றைச் செய்தார். அதுதான் 1963இல் வந்த 'சுமீத்'. பல வீடுகளில் மிக்ஸிக்கே அதுதான் பெயராக இருந்தது. கவனியுங்கள், ரிப்பேர் பண்ண முடியவில்லையே என்ற எரிச்சலில் பிறந்த யந்திரம் அது. அறுபது வருஷம் கழித்து, அதே எரிச்சலுக்கு நாமே திரும்பி வந்திருக்கிறோம்.

*

கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றேதான் சீக்கிரம் கெடும்படி செய்கிறார்களா? சில சமயம், ஆமாம். அதற்குச் சரித்திரச் சான்றே இருக்கிறது.

1924 டிசம்பரில் உலகத்தின் பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனீவாவில் கூடின. ஓஸ்ராம், ஃபிலிப்ஸ், அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக்கின் வெளிநாட்டுக் கிளைகள் எல்லாம். 'ஃபீபஸ்' என்று ஒரு கூட்டணி. அதுவரை 1,500, 2,000 மணி நேரம் எரிந்துகொண்டிருந்த குண்டு பல்பு இனிமேல் 1,000 மணி எரிந்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். சோதிப்பதற்கு ஸ்விட்சர்லாந்தில் ஒரு லேப். அதிக நேரம் எரிகிற பல்பு செய்த கம்பெனிக்கு அபராதம்! நன்றாக வேலை செய்ததற்கு ஃபைன் கட்டிய ஒரே தொழில் அதுவாகத்தான் இருக்கும். இரண்டாம் உலகப்போர் வந்து அந்தக் கூட்டணியைக் கலைத்தது.

அவர்கள் சொன்ன சமாதானத்தில் பாதி உண்மையும் இருந்தது. குண்டு பல்பில் இழையை நீண்ட நாள் எரியவிட்டால் வெளிச்சம் மங்கும், கரண்டும் வீணாகும். கலிஃபோர்னியாவில் லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901இல் மாட்டிய பல்பு நூறு வருஷத்தைத் தாண்டியும் எரிந்து கின்னஸில் இடம்பிடித்தது. அதன் வெளிச்சமோ நம் ஊர் ராத்திரி பல்பு அளவுதான். அதில் பேப்பர் படிக்க முடியாது.

ஆனால் நம் வீட்டுச் சாமான்கள் சீக்கிரம் சாவதற்கு ஜெனீவாவில் சதி எதுவும் தேவையில்லை. அதற்கு நாமே போதும்.

ஜார்ஜ் அகெர்லோஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார் சந்தையைப் பற்றி. எந்தக் கார் நல்லது, எது ஓட்டை என்று விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. தெரியாததால் வாங்குகிறவன் எல்லாவற்றுக்கும் ஒரு நடுவாந்திர விலைதான் தருவான். அந்த விலைக்கு நல்ல காரை விற்க யாருக்கும் கட்டுப்படியாகாது. நல்ல கார்கள் சந்தையைவிட்டு விலகும், ஓட்டைகள் மிஞ்சும். முதலில் பல பத்திரிகைகள் திருப்பியனுப்பிய கட்டுரை அது. 2001இல் அகெர்லோஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது காரணங்களில் ஒன்று அந்தக் கட்டுரை.

மிக்ஸிக் கடையில் நடப்பதும் அதுதான். காயில் தாமிரமா அலுமினியமா என்று கடையில் நின்றுகொண்டு உங்களால் பார்க்க முடியாது. எவர்சில்வர் விஷயத்திலும் அப்படியே. காந்தத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு, ஒட்டாவிட்டால் உசத்தி என்று திருப்தியாக வாங்கிவருகிறோம். 304 என்கிற நல்ல ரகத்தில் காந்தம் அவ்வளவாக ஒட்டாதுதான். ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்துச் செய்கிற 200 வரிசை மலிவு ரகத்திலும் ஒட்டாதே! துருப் புள்ளி வரும்போதுதான் விஷயம் தெரியும். கண்ணுக்குத் தெரிவது இரண்டே இரண்டு: விலை, கலர். தாமிரக் காயில் போட்டு, சிவப்பு பட்டன் வைத்து, 600 ரூபாய் அதிகமாக விற்கிறவன் என்ன செய்வான்? ஒரு சீசன் பார்ப்பான், இரண்டு சீசன் பார்ப்பான். பிறகு அவனும் பட்டனை எடுத்துவிட்டு 'ராயல் பர்ப்பிள்' கலரில் ஒரு மாடல் விடுவான்.

பெட்டிமேல் எழுதியிருப்பதை நம்பலாமா? எல்.இ.டி. பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். பல பெட்டிகளில் 25,000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். தினம் ஐந்து மணி நேரம் எரித்தால் 5,000 நாள். பதின்மூன்று வருஷத்துக்கு மேல். வாரண்டி எவ்வளவு என்று திருப்பிப் பாருங்கள்: ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு. தன் வாக்கின்மேல் கம்பெனிக்கே உள்ள நம்பிக்கை அவ்வளவுதான். அந்த பல்பில் முதலில் சாவது பெரும்பாலும் வெளிச்சம் தருகிற எல்.இ.டி. அல்ல, அதற்குக் கரண்ட் கொடுக்கிற டிரைவர் என்ற குட்டி சர்க்யூட். அது சூடு தாங்காமல் போகிறது. மாற்றலாமா? மூடி ஒட்டப்பட்டிருக்கிறது. இங்கேயும் சின்னது செத்தால் பெரியதும் உடன்கட்டை.

*

இதில் யார் அதிகம் நஷ்டப்படுகிறார்கள் என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன்.

எங்கள் வீட்டு மிக்ஸி 2003இல் வாங்கியது. விலை சுமார் 3,000 ரூபாய். இத்தனை வருஷத்தில் நாலைந்து கப்ளர், இரண்டு முறை கார்பன் பிரஷ், ஜாருக்கு புஷ், பிளேடு சாணை, ஒரு புது ஜார் என்று இன்னொரு 4,000 ஆகியிருக்கும். ஆக 7,000. இருபத்திரண்டு வருஷத்துக்கு வகுத்தால், வருஷத்துக்கு சுமார் 320 ரூபாய்.

அந்த அம்மா ஆறு வருஷத்தில் மூன்று மிக்ஸி வாங்கியிருக்கிறார். 1,800, 2,100, தவணையோடு சேர்த்து 3,000. மொத்தம் 6,900. வருஷத்துக்கு 1,150 ரூபாய். 2003இன் ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றல்ல என்று கணக்கு வாத்தியார்கள் சண்டைக்கு வரலாம். விலைவாசியைச் சரிக்கட்டிப் பார்த்தாலும் அவர் கட்டியதுதான் அதிகம்.

அதாவது, என் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர் மிக்ஸிக்கு என்னைவிட அதிகம் செலவு செய்கிறார். நான் புத்திசாலி என்பதால் அல்ல, 2003இல் 3,000 ரூபாயை மொத்தமாக எடுத்து வைக்க என்னால் முடிந்தது என்பதால். மலிவு சாமானை ஏழைகளுக்கான உபகாரம் என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சமர்ப்பிக்கிறேன். ஒருமுறை வாங்கும்போது மலிவு. மூன்று முறை வாங்கும்போது அது அபராதம்.

இதில் சேராத செலவு ஒன்று உண்டு. காலை ஏழு மணிக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேலைக்கார வீட்டு வாசலில் தயங்கி நின்ற அந்த ஐந்து நிமிஷம். அதை எந்த வாரண்டியிலும் கேட்க முடியாது.

*

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. 1915 என்ற எண்ணுக்கு போன் செய்தும் முறையிடலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி, "பில் இருக்கா?" தவணை அட்டைக்காரர்களுக்கு அந்தக் கதவு பாதிதான் திறக்கும். தவிர, 3,000 ரூபாய்க்காக ஒருநாள் வேலையை விட்டுவிட்டுப் போய் நிற்க யாரால் முடியும்?

மற்ற நாடுகள் வேறு பக்கத்திலிருந்து யோசித்திருக்கின்றன. ஃபிரான்ஸில் 2015இல், வேண்டுமென்றே ஆயுளைக் குறைத்துச் சாமான் செய்வதைக் குற்றமாக்கினார்கள். 2021இல் அங்கே வாஷிங் மெஷின், டி.வி., லேப்டாப், செல்போன் போன்றவற்றின்மேல் 'இதை ரிப்பேர் செய்ய எவ்வளவு சுலபம்' என்று பத்துக்கு இத்தனை என மார்க் போட்டு ஒட்டுவதைக் கட்டாயமாக்கினார்கள். ஐரோப்பிய யூனியன் 2024இல் ரிப்பேர் உரிமைக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதே வருஷக் கடைசியிலிருந்து செல்போன்களுக்கு ஒரே மாதிரி சார்ஜர் வாய் என்றும் கட்டாயமாக்கியது. மாட்டேன் என்று முரண்டு பிடித்த பெரிய கம்பெனியும் வழிக்கு வந்தது.

நம் மத்திய அரசும் 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்காக ஒரு கமிட்டி போட்டது. வீட்டு உபயோகச் சாமான்களும் அதன் பட்டியலில் இருந்தன. 2025 மே மாதம் ரிப்பேர் மார்க் பற்றிய அறிக்கை ஒன்று வந்தது. அது செல்போன், எலெக்ட்ரானிக்ஸ் பற்றியது. செல்போன் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் செல்போன் கெட்டால் பக்கத்து வீட்டில் போய் அரைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மிக்ஸிக்கும் மார்க் போடுங்கள். ஃப்ரிட்ஜில் கரண்ட் செலவுக்கு நட்சத்திரம் ஒட்டுகிறோம், ஜனங்கள் நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்து வாங்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அதே போல 'திறக்க முடியுமா, பாகம் கிடைக்குமா, எத்தனை வருஷம் கிடைக்கும்' என்பதற்கும் நட்சத்திரம் ஒட்டுங்கள். கப்ளருக்கும் ஜாருக்கும் இரண்டு மூன்று பொது அளவுகளை நிர்ணயம் செய்யுங்கள். ராக்கெட் விடுகிற தேசத்தில் இது பெரிய காரியமா?

*

அதுவரை? நாம் கேட்கலாம். கடையில் "எவ்வளவு?" என்று மட்டும் கேட்பதை நிறுத்திவிட்டு, மெக்கானிக் எனக்கு எழுதிக்கொடுத்த நாலு கேள்விகளையும் கேட்கலாம். அடியில் சிவப்பு பட்டன் இருக்கா? கப்ளர் தனியா விற்குமா? ஜாருக்கு புஷ்ஷும் பிளேடும் மாத்தலாமா, இல்லே ஜாரே புதுசா வாங்கணுமா? சர்வீஸ் எந்தத் தெருவுல?

போன வாரம் அந்த அம்மாவோடு நானும் என் மனைவியும் கடைக்குப் போனோம், அதே பாத்திரக் கடைக்கு. பழைய தவணை முடிந்துவிட்டது. கையில் சீட்டுப் பணம் இருந்தது. நான் நாலு கேள்விகளையும் கேட்டேன். விற்பனைப் பையன் இரண்டாவது கேள்வியிலேயே மேனேஜரைக் கூப்பிட்டான். மேனேஜர் சொன்னார்: "இந்தத் தொழில்ல எனக்குப் பதினெட்டு வருஷம் சார். கலர் கேப்பாங்க, ஆஃபர் கேப்பாங்க. புஷ் மாத்தலாமான்னு நீங்கதான் கேக்கறீங்க." அவர் கேலி செய்யவில்லை. உள்ளே போய் அடுக்கின் பின்வரிசையிலிருந்து ஒரு மாடலை எடுத்துவந்தார். கலர், பார்க்கச் சகிக்காத ஒரு பழுப்பு. மற்றதைவிட 600 ரூபாய் அதிகம். அடியில் சிவப்பு பட்டன் இருந்தது.

அம்மா கொஞ்சநேரம் யோசித்தார். 600 ரூபாய் அவருக்கு இரண்டு தவணை. பிறகு, "சரி, இதையே குடுங்க" என்றார். முத்திரை போட்ட வாரண்டி கார்டும் பில்லும் நான் கேட்டு வாங்கிக் கொடுத்தேன்.

வெளியே வரும்போது ஸ்டூல் பையன் எங்களைப் பார்த்தான், பேசவில்லை. அம்மாதான் நின்றார். பெட்டியைத் திறக்கச் சொல்லி ஜாரை வெளியே எடுத்தார்.

"இது எவர்சில்வர்தானே? இதுல வெட்டலாம்ல?"

பையன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். மெஷினை எடுத்து, மகளின் பெயரை வெட்டிக் கொடுத்தான். காசு வாங்கவில்லை.

ஜார் இருந்துவிடும், சந்தேகமில்லை. மோட்டார்? அடுத்த ஆடி மாசம் வரட்டும், எழுதுகிறேன்.